அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு படகுக் கதவு

மாட்டுங்காவில் என் அக்காவின் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கும் பீரோவுக்கும் நடுவே, ஒரு தேக்குக் கதவு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அகலம் ஒன்றே முக்கால் அடி, உயரம் நாலேகால் அடி. நானே டேப் வைத்து அளந்தேன். மேல் மூலை ஒன்று வளைவாக வெட்டப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். வாசல், பால்கனி, குளியலறை எல்லாம் சேர்த்து அந்த வீட்டில் ஏழு கதவுகள். எட்டாவதான இதற்கு மட்டும் நிலை இல்லை. போகும்போதெல்லாம் அது சரிந்து அக்காவின் காலில் விழுந்துவிடுமோ என்று, அடியில் வைத்திருக்கும் ரப்பர் கட்டையைக் குனிந்து பார்க்கிறேன். அக்கா சிரிக்கிறாள்.

அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், ஒரு மில்லில் இன்ஜினீயராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் எலிஃபெண்டா தீவுக்குப் போகும் லாஞ்சைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லை. விற்ற பார்சிக்காரர், வருடந்தோறும் மழைக்கு முன்பு படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசி வைத்திருந்தவர். அத்திம்பேரும் அந்த முறையை ஒரு வருடம்கூட விடவில்லை. முதல் தடவை பார்த்தபோதே நான் எண்ணிவிட்டேன்: ஏழு பாய்கள், கயிறு இழுக்க நான்கு விஞ்சுகள், இரண்டு நங்கூரங்கள், ஒரு சின்ன டீசல் இன்ஜின், படுக்க நான்கு இடம். பாய்களில் சில பந்தயத்துக்கு, சில ஊர் சுற்றுவதற்கு. உயிர்காப்பு அங்கிகள் ஆறுதான் இருந்தன. ஏழாவது ஆள் ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன். "நீர்தான் ஓய் அந்த ஏழாவது ஆள். ஏறாம இரும்" என்றார்.

பந்தயத்துக்குப் போகும் படகில் ஒரு கிலோகூட வீண் பாரம் இருக்கக் கூடாதாம். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் படகிலிருந்த குடித்தனம் முழுவதும், படகு நிற்கும் கொலாபாவிலிருந்து டாக்ஸியில் மாட்டுங்காவுக்கு வந்து சேரும். அடுப்பு, குக்கர், தண்ணீர் கேன்கள், நான்கு மெத்தைகள், உபரி நங்கூரம். பால்கனியில் ஈர மெத்தைகள் காய்வதைப் பார்த்துவிட்டு, பேரக் குழந்தைகள் யாராவது வந்திருக்கிறார்களா என்று எதிர் ஃபிளாட் மாமி விசாரிப்பாள். நங்கூரம் ஸ்வாமி அலமாரிக்குக் கீழே கிடக்கும். பிறகு அலிபாக், முருட் என்று கடலோர ஊர்களுக்கு நாலு நாள் போய்வர நினைத்தால், எல்லாம் மறுபடி டாக்ஸியில் ஏறும். குக்கர் வீட்டில் இல்லையென்றால் கடலில் இருக்கிறது என்று அர்த்தம். தொலைந்துபோகாமலிருக்க, அக்கா பாத்திரக்கடையில் கொடுத்து எல்லாவற்றிலும் தன் இனிஷியலை வெட்டி வாங்கினாள், குக்கர் மூடி உள்பட. நங்கூரத்திலும் வெட்டச் சொன்னாள். கடைக்காரர் மாட்டேன் என்றுவிட்டார்.

இவ்வளவுக்கும் ஈடுகொடுத்த அக்கா அந்தப் படகில் காலெடுத்து வைத்ததில்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டார் என்பதுதான் அவள் கோபம். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. வாங்கிய வாரம், வா போகலாம் என்று அவர் கூப்பிட்டபோது, "அதுல பாத்ரூம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அப்போது அதில் ஒரு திரையும் ஒரு வாளியும்தான் இருந்தன. இன்ஜினீயரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? வரமாட்டேன் என்று அவள் சொன்னதை, அவர் செய்து முடிக்க வேண்டிய வேலையாக எடுத்துக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுவதும், கரையேற்றிய படகுக்குள் தச்சரோடு உட்கார்ந்து, முன்பக்கம் ஓர் அறை தடுத்து, வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பம்பு, குழாய், தேக்குக் கதவு எல்லாம் வைத்தார். வீட்டுக்கு வந்து, "இப்போ இருக்கு" என்றார். அக்கா "சரி" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். வருகிறேன் என்று சொல்லட்டும் என்று அவர் இருந்தார். இரண்டு பேரும் இதை என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள், மற்றவரிடம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு.

போன ஜனவரியில் அத்திம்பேர் தூக்கத்திலேயே போய்விட்டார். படகை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள், விற்றுவிடலாம் என்று கனடாவிலிருந்து பையன் சொன்னான். வாங்க முன்வந்தவர் செம்பூரில் ஒரு டாக்டர். அவருக்குப் பந்தயம் மட்டும்தான் வேண்டும். அந்தக் குளியலறையைப் பெயர்த்தெடுக்க முடியுமா என்று போனிலேயே கேட்டார். சாமான்களைக் கணக்கெடுக்க நான் போனேன். படகைப் பார்த்துக்கொள்பவர் தாராவியில் குடியிருக்கும் தூத்துக்குடிக்காரர். பந்தயத்தின்போது முன்பாயைக் கவனிப்பவரும் அவர்தான். நான் கதவைத் திறந்து பார்ப்பதைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாத்தையும் எறக்கிருவோம் சார். ஒரு தடவ ஐயா என் டிபன் டப்பாவக்கூட எறக்கிட்டாவ. இந்தக் கதவ மட்டும் தொட விடமாட்டாவ. இது இல்லன்னா ஜெயிச்சிருவோம் சார்னு சொன்னா, மாமி வந்தா என்ன செய்யன்னு கேப்பாவ. நாங்க ஒருத்தரும் உள்ள போனதில்ல. எங்களுக்குக் கடல்தான். இது மாமி பாத்ரூமு."

உள்ளே சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தது. ஆறடி உயர அத்திம்பேருக்கு அது தொடையில் இடிக்கும். அக்கா ஐந்தடிக்கும் குறைவு.

வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையல் மேடையில் வரிசையாக நான்கு சின்ன வெள்ளிக் கோப்பைகள். எல்லாம் அத்திம்பேர் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தபோது கொடுத்தவை. ஒன்றில் கடுகு, ஒன்றில் வெந்தயம், மற்ற இரண்டில் ஸ்பூன்கள். முதல் பரிசு ஒன்றுகூட இல்லை. அக்கா அந்தக் கடுகுக் கோப்பையைப் பார்த்தாள். "டாக்டர் எடுத்துண்டு போறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை போயிட்டு வரேன்" என்றாள்.

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் தகராறு. எனக்கு எழுபத்து நான்கு, நீச்சல் தெரியாது. டாக்டர் படகை ஓட்டிப் பார்க்கும் நாளில் எங்களையும் அழைத்துப்போவதாக ஏற்பாடு. கரையிலிருந்து சின்னப் படகில் போய்ப் பெரியதில் ஏறும்போது தூத்துக்குடிக்காரர் அக்காவின் ஒரு கையையும் டாக்டர் இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். நான் ஓர் அங்கியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்திருந்தேன். பந்தயப் பாய் ஏறியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் விஞ்சைக் கட்டிக்கொண்டேன். அக்கா என்னைப் போல் பயப்படவில்லை. அவர் எங்கே உட்காருவார் என்று கேட்டாள். சுக்கான் பக்கத்து இடத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, கீழே இறங்கி, நேராக அந்த அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் மேலே கேட்டது.

தூத்துக்குடிக்காரர் யாரும் சொல்லாமலே பாயைத் தளர்த்தினார்; படகு நிமிர்ந்து நின்றது. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே குனிந்து "அக்கா" என்றேன்.

"இருக்கேன்டா. எங்கே போயிடுவேன்?"

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். தலைப்பால் துடைத்துக்கொண்டே, "நன்னாத்தான் பண்ணியிருக்கார்" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்து, படகை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதவை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். டாக்டர் நல்ல மனிதர். போனில் கேட்டது அவருக்கே கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. கதவு, அறை எல்லாம் அப்படியே இருக்கட்டும், நான் எதையும் எடுக்க மாட்டேன் என்றார்.

"வேண்டாம். அது பாரம். நான்தான் வந்துட்டேனே" என்றாள் அக்கா.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அத்திம்பேரின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கதவு டாக்ஸியின் கூரைமேல் வந்தது. கயிறு அவிழ்ந்துவிடுமோ என்று தாதர் வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போன் செய்தார். ஒன்பது படகுகளில் முதலாவதாக வந்துவிட்டாராம். இதை அக்காவிடம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் தவித்துவிட்டுச் சொன்னேன். அவள் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டு எடுத்தாள்.

"பின்னே? கதவு இங்கேன்னா இருக்கு" என்றாள்.