கம்பத்தில் ஆள் இருக்கும்போது

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும், திரையின் கீழ் மூலையில் இருக்க வேண்டிய வயர் இணைப்பின் படம் இல்லை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். ஈதர்நெட் என்ற வரியே காணோம். வயர் கழன்றிருந்தால் கழன்றிருக்கிறது என்றாவது எழுதிக் காட்டும். இதுவோ அப்படி ஒன்று இந்த வீட்டில் எப்போதுமே இருந்ததில்லை என்பது போல உட்கார்ந்திருந்தது.

நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். விடியும் முன் தங்கவயலில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தால் தூங்குவேன், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்குவேன். போன வருஷம் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ரயில் படியில் கால் வைத்து உடம்பைத் தூக்கினால் உயிர் போய் உயிர் வரும். கெஞ்சிக் கூத்தாடி, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அந்த இரண்டு நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கும் வேட்டு வைக்கப் பார்த்தது எங்கள் வீட்டு வைஃபை. எங்களுடையது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸ். தடிச் சுவர், தகரக் கூரை. முன்னறையில் இருக்கும் ரவுட்டரிலிருந்து உள்ளறைக்கு வருவதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்கிவிடும். இரண்டு முறை மீட்டிங் நடுவில் நான் காணாமல் போனேன். என் மேனேஜர் வயதில் என்னைவிடச் சின்னவள். மரியாதையாகத்தான் கன்னடத்தில் சொன்னாள். வயர் இழுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை அறுந்தால் தினமும் ஆபீஸ் வந்துவிடுங்கள் என்று.

வயர் இழுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர். சின்ன வயதில் அவர் சுரங்கத்துக்குள் எலக்ட்ரீஷியன். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பம்ப் ரூமில் காலம் தள்ளினார். இப்போது பேத்தமங்களா பக்கம் விவசாயிகளின் மோட்டார்களைப் பழுது பார்க்கிறார். முன்னறையிலிருந்து உள்ளறை வரை சுவரோரமாகக் கிளிப் அடித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல அந்த வயரைக் கொண்டுவந்து சேர்த்தார். முடித்துவிட்டு எட்ட நின்று தானே ஒருமுறை ரசித்துக்கொண்டார்.

அன்று காலையும் அவர் பேத்தமங்களாவில் இருந்தார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. கை கரண்ட் லைனில் இருந்தால் எடுக்க மாட்டார். சாமியே வந்து கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்.

சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எல்லாரும் முதலில் செய்வது அதுதான், எனக்கு ஒருநாளும் பலித்ததில்லை. முன்னறைக்குப் போய் ரவுட்டரைப் பார்த்தேன். விளக்குகள் பச்சையாக எரிந்தன. வைஃபையில் முயன்றேன். கம்பெனி மென்பொருள் பாதி ஏற்றிக்கொண்டு என்னை வெளியே தள்ளியது. அன்று மதியத்துக்குள் சம்பளப் பட்டியல் போயாக வேண்டும்.

கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி. டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னாள். அங்கே நெட்வொர்க் பட்டியலில் வைஃபை இருந்தது, புளூடூத் இருந்தது, பெயர் வாயில் நுழையாத வேறு சிலவும் இருந்தன. வயருக்கானது மட்டும் இல்லை. மறைந்திருப்பதையும் காட்டச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். மங்கிப்போன எழுத்தில் ஒன்று வந்து நின்றது. இந்தக் கருவி முன்பு மெஷினில் இருந்திருக்கிறது, இப்போது இல்லை, பின்னால் கழன்றிருக்கிறதா பாருங்கள் மேடம் என்றாள்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வயர் கம்ப்யூட்டரின் முதுகில் அழகாகச் செருகியிருந்தது. செருகித்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் மறுபடி கேட்டபோது கொஞ்சம் சுள்ளென்றே சொன்னேன். பாவம், அவள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பிறகு நாங்கள் டிரைவரை அழித்தோம், திரும்ப ஏற்றினோம், எதை எதையோ அப்டேட் செய்தோம். ஒன்றும் நடக்கவில்லை. சம்பளப் பட்டியலை ஆபீஸில் இருந்த இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

மதியம் வீட்டுக்காரர் வந்தார். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றார். நெட் வரவில்லை என்றேன். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டை வெளியே எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மழைக்காலத்து இடியில் கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த வயர்த் துளை கருகிப்போயிருந்தது. போர்டையே மாற்ற வேண்டும், அதற்குப் புதுசே வாங்கலாம் என்றார் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர். அதற்குப் பதிலாக யூஎஸ்பியில் செருகும் இந்தத் துண்டைக் கொடுத்திருந்தார். வயரை இதில்தான் செருக வேண்டும். நான் காலையில் குனிந்து பார்த்தது அந்தச் செத்த துளையை. துண்டை எடுத்தவர், வயர் தரையில் கிடக்க வேண்டாம் என்று அந்தத் துளையில் செருகி வைத்திருக்கிறார்.

எடுத்த காரணம் இதுதான். முந்தின நாள் நான் ஆபீஸில் இருந்தபோது கேபிள்காரன் எங்கள் தெருக் கம்பத்தில் ஏறியிருக்கிறான். வீட்டு இணைப்பை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறான். இவர் ரவுட்டர் ஸ்விட்சை அணைத்திருக்கிறார். ஸ்விட்சை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். காலையில் கம்ப்யூட்டரைப் போடும் முன் நானே யோசிக்காமல் அதைப் போட்டிருந்தேன். யாராவது போட்டுவிடுவார்களோ என்றுதான் இந்தத் துண்டையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கேபிள்காரன் வேலையை முடித்து, இறங்கி, சொல்லாமல் வண்டியில் போய்விட்டான். இவர் மறுநாள் சட்டை மாற்றியபோது பழைய சட்டையிலிருந்து எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துக்கொண்டு பேத்தமங்களா போயிருக்கிறார். இரவு என்னிடம் சொல்லியும் இருக்கிறார். கம்பம், லைன் என்று ஏதோ காதில் விழுந்த ஞாபகம் இருக்கிறது. தட்டில் கை வைத்தபடியே நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"அது நெட் வயருங்க. அதுல எறும்புகூட சாவாது," என்றேன்.

"கம்பத்துல ஆள் இருந்தான் இல்ல? எறங்கிட்டேன்னு அவன் வந்து சொல்லவே இல்லியே," என்றார்.

கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்த முடியவில்லை. சுரங்கத்தில் இவர்கள் வேலை செய்த விதம் அது. ஒருவன் லைனில் கை வைத்தால், இன்னொருவன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். லைனில் இருந்தவனே வந்து தன் வாயால் முடிந்தது என்று சொல்ல வேண்டும். ஃபோர்மன் சொன்னாலும் ஃபியூஸ் பையிலிருந்து வராது, ஷிப்ட் முடிந்தாலும் வராது. கல்யாணமான புதிதில் இவர் அப்படிக் காத்திருந்துவிட்டு வரும்வரை சோற்றை மூடி வைத்துக்கொண்டு நான் எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் இவர் லைனில் இருந்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் யாரோ ஒருவருடைய சட்டைப்பைதான் என் தாலியைக் காத்தது. அதை மறந்துவிட்டு எப்படிக் கத்துவது?

துண்டைச் செருகினார். ஈதர்நெட் வந்து நின்றது. அதே நேரம் மேனேஜரின் அழைப்பும் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். டீமில் எல்லோரும் லைனில் இருந்தார்கள். அவள் கோபப்படவில்லை. மெஷின் கோளாறா, இல்லை வீட்டில் யாராவது கை வைத்துவிட்டார்களா என்று கேட்டாள். யாராவது தெரியாமல் கை வைத்ததென்றால் இந்த ஒரு முறை விட்டுவிடலாம், மெஷினே சரியில்லை என்றால் இனி வீட்டிலிருந்து செய்வது சரிவராது என்றாள்.

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவள் கேட்டாள். எனக்கும் அது புரிந்தது. போன மாதம் டீமில் ஒரு பையனுடைய அம்மா அவன் கீபோர்டைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். அந்த அம்மாளை வைத்து அவர்கள் அடித்த கேலி இன்னும் ஓயவில்லை. நானும் சேர்ந்து சிரித்தவள்தான். கம்பத்து ஆளையும் ஃபியூஸையும் சட்டைப்பையையும் அவர்களுக்கு எந்த மொழியில் சொல்வது? சொன்னால் அவர்கள் காதில் என்ன விழும் என்று எனக்குத் தெரியும்.

மெஷின் கோளாறுதான் என்றேன்.

அப்படியானால் நாளையிலிருந்து ஆபீஸ் வந்துவிடுங்கள் என்றாள். சரி என்று போனை வைத்தேன். இவருக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகவே தெரியும். பின்னாலேயே நின்றிருந்தார்.

"நான் புடுங்கினேன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஒனக்குக் கால் வலிக்குதேம்மா."

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார், சும்மா திரும்பி வந்தார்.

"காலைல நானும் ஸ்டேஷனுக்கு வரேன்," என்றார். "படியில ஏத்தி வுட்டுட்டுப் போறேன்."

வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. வாங்க என்றேன்.