சாக்பீஸ் வட்டங்கள்

செம்பூர் வீட்டின் கதவு நிலைக்கடியில் இன்று காலை மாவு போல மரத்தூள் கிடந்தது. விரலால் தொட்டதும் தாராவி வீட்டின் மண்ணெண்ணெய் வாசனை வந்துவிட்டது.

அங்கே பரணைத் தாங்கிய உத்தரத்தை வண்டு துளைத்தது. அப்பா மண்ணெண்ணெய் தடவி, ஒவ்வொரு துளையையும் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டமில்லாத துளை தெரிந்தால் உள்ளே வண்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பரணைப் பிரித்துவிடுவார் என்று பயந்தேன். பரணில்தான் அண்ணன் படுப்பான். கீழே அவனுக்கு இடமில்லை.

அதனால் பள்ளிக்குப் போகுமுன் தூளைப் பெருக்கிவிட்டு, புதுத் துளைகளுக்கு நானே வட்டம் போட்டேன்.

"புதுசா ஒண்ணுமில்லட்டி" என்பார் அப்பா நிம்மதியாக.

மழைக்காலத்தில் ஒருநாள் உத்தரத்தில் அவர் குத்திய ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒத்தக் கட்டைய மாத்திருக்கலாம்" என்றார். பிறகு அண்ணனிடம், "பரணப் பிரிச்சிரணும்ல. நீ வேற எடம் பாத்துக்க."

அண்ணன் தேவ்நாரில் ஒரு நண்பனின் அறைக்குப் போனான். அதன்பின் எங்களோடு வசிக்கவேயில்லை. வட்டங்களைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று கதவு நிலையின் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் இன்னொரு வட்டம் போட யாருமில்லை.