அருவிக்குப் போனவருக்கு வந்த ட்ரங்க் கால்

எனக்குப் பொறுமை கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தபோது அதைச் சொல்லவில்லை. சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? ட்ரங்க் கால் போட்டு வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் நாங்கள்தான் கையால் வயரைச் செருகி இணைக்க வேண்டும். மதராஸ் பக்கம் போக இருந்தது ஒரே லைன். காத்திருப்பவர்கள் எல்லோரும் என்னைத்தான் திட்டுவார்கள். வேலையும் நிரந்தரமாகவில்லை, ஒரு புகார் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு சீசன் காலையில் மதராஸ் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து குற்றாலத்துக்கு பி.பி. கால் வந்தது. பேர் சொன்ன ஆளே போனுக்கு வந்தால்தான் அந்த அழைப்பை இணைப்போம். போன் இருந்த கடைக்காரர், "அவரு அருவிக்குப் போயிருக்காரும்மா" என்றார். கொடுத்து வைத்த மனிதன், எண்ணெய் தேய்த்துக்கொண்டு மத்தியானம் வரை நிற்பான் என்று எரிச்சல்பட்டேன். எப்போது வருவார் என்று கேட்கவில்லை. சீட்டில் 'ஆள் இல்லை' என்று எழுதி, மதராஸுக்கும் சொல்லிவிட்டு, புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை அண்ணாச்சிக்கு லைனைக் கொடுத்தேன். அவர் காலையிலிருந்து மூன்று முறை கத்திவிட்டார்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. குற்றாலத்துக் கடையிலிருந்து மூச்சு வாங்கும் ஒரு குரல்.

"எம்மா, நான் இங்கன பங்களாவுல சமையல் பாக்குதேன். முதலாளி பிள்ளையளக் குளிக்கக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மதராசுல எம் மவளுக்கு இன்னைக்கு வயித்துல ஆப்பரேசன். உள்ள கொண்டு போறதுக்கு முன்ன பேசுதேன்னு சொல்லியிருந்தா. கால் வந்துச்சாமே?"

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கடைக்காரரே ஆள் அனுப்பியிருப்பார். கடையிலிருந்து அருவி கூப்பிடு தூரம்.

லைனில் அண்ணாச்சி விலை பேசிக்கொண்டிருந்தார். நடக்கும் பேச்சில் நாங்கள் குறுக்கே புகக் கூடாது என்பது சட்டம். அவர் புகார் சொன்னால் என் கதை முடிந்தது. குறுக்கே புகுந்தேன். "அண்ணாச்சி, மன்னிக்கணும்" என்று தொடங்கி, தப்பு என்னுடையது என்பது வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"கூறுகெட்ட மூதி!" என்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன். "இதுக்கு என்கிட்ட என்ன கேள்வி? லைனை மொதல்ல அவருக்குக் குடு. எலுமிச்சங்காய் எங்கயும் ஓடிராது."

மதராஸ் ஆபரேட்டர் ஆஸ்பத்திரியைப் பிடித்தாள். அந்தப் பெண் இன்னும் போன் பக்கத்து பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லையாம். ஆனால் லைன் ஒரேயடியாக இரைந்தது. இருவர் பேசுவதும் எனக்கு மட்டும்தான் கேட்டது. அப்படி ஆனால் ஆபரேட்டர் ஒருவர் சொல்வதை வாங்கி மற்றவருக்குச் சொல்ல வேண்டும்.

"அப்பா, பயமா இருக்குப்பா." அதை நான் அவரிடம் சொன்னேன்.

"பயப்படாத தாயி. அப்பா இன்னைக்கே ரயில் ஏறுதேன்." அதையும் அவளிடம் சொன்னேன்.

"மொதல்ல ஏம்ப்பா வரல? ஆளே இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

இதை மட்டும் அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "அது என் தப்பும்மா. உங்க அப்பா ஓடித்தான் வந்தாரு" என்றேன்.

"ஓடி வந்தாரா?" என்றாள். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. அவளைக் கூட்டிப் போக யாரோ வந்துவிட்டார்கள்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புகார் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சி மதராஸுக்கு லைன் கேட்டார். லைன் கிடைத்ததும், "அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்றார்.

"தெரியல அண்ணாச்சி."

"கேட்டுச் சொல்லு. என் பேச்சு அப்புறம் இருக்கட்டும்."

மதராஸ் ஆபரேட்டர் ஆஸ்பத்திரியில் விசாரிக்கப் போனாள். அண்ணாச்சி போனை வைக்காமல் இருந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கடைசியில் அவள் வந்து சொன்னாள்: கஞ்சி குடிக்கிறாளாம், அப்பாதான் ஊட்டுகிறாராம்.

சொன்னேன். "அப்பன்தான் ஊட்டுதாரா?" என்று அண்ணாச்சி இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் லைன் கேட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.