சொரிமுத்து போட்ட முன்பல்

நான்கு. இந்த எண்ணை மனதில் வையுங்கள். உடைந்த பல்லின் மேல் மாட்டும், பீங்கான் பூசிய உலோகப் பல்லுறை வாய்க்குள் வருமுன் நான்கு தடவை உலைக்குள் போகிறது. வெறும் உலோகமாக ஒரு தடவை, பீங்கான் பூசப் பூச இரண்டு, பளபளப்புக்கு ஒன்று. எந்தச் சூட்டிலும் உலோகம் கோணலாம். எனக்கு இதைப் புரியவைத்தவர் தாராவி சொரிமுத்து.

நகைப்பட்டறையில் வார்ப்பு வேலை பார்த்தவர். அறுபத்தெட்டில் மாட்டுங்காவில் இனாயத்துல்லா நடத்திய பல் கட்டும் பட்டறைக்கு மாறினார். அதே வருஷம் ஆலை வாசலில் பறந்து வந்த கல் என் முன்பல்லை உடைத்தது. மிச்சம் அடிக்கட்டை. டாக்டர் அதைச் செதுக்கி, அச்செடுத்து, அந்தப் பட்டறைக்கு அனுப்பினார். ஞாயிறு செம்பூரில் ஆலைத் தொழிலாளர் சங்கக் கூட்டம். பேச வேண்டியவன் நான்.

வெள்ளிக்கிழமை நானே போய் நின்றேன். சொரிமுத்து பல்லுறையை அச்சில் மாட்டி, விளிம்பில் ஊசியை ஓட்டினார். ஊசி சிக்கியது.

"வெறும் உலோகமா கச்சிதமா உக்காந்துச்சு, அண்ணாச்சி. சுட்டதும் விளிம்பு தூக்கிட்டு. தலைமுடி கனம்."

"ஒரு முடிக்கா இந்தப் பாடு? குடும் வே!"

இனாயத்துல்லா சிரித்தார். "சிமெண்ட வச்சி அடைச்சிரு. சல்தா ஹை, இது போதும்."

"சிமெண்டு கரைஞ்சிரும், முதலாளி. சந்துல சோறு போயி அழுகும். கட்டையும் போயிரும். அப்புறம் எதுல மாட்டுவீரு அண்ணாச்சி, காதுலயா?"

சுத்தியலால் ஒரு தட்டு. பீங்கான் உதிர்ந்தது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"தப்பு எங்கையிலதான்," என்றார். "நகை வேலைப் புத்தி. விளிம்ப அரத்தால மெல்லிசா ராவி மினுக்கிட்டேன். அது சூடு தாங்கல."

ஞாயிறு ஓட்டைப்பல்லோடு பேசினேன். முன்வரிசையில் ஒருவன், "தலைவரே, பேச்சா விசிலா?" என்றான். சிரித்தார்கள். கலையவில்லை.

சொரிமுத்து மறுபடி மெழுகு கட்டி வார்த்தார். விளிம்பைக் கனமாகவே விட்டார். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் ஊசியை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகே மெல்லிதாக்கினார். பத்தாம் நாள் டாக்டர் மாட்டினார். அவருடைய ஊசி எங்கும் சிக்கவில்லை.

பட்டறைக்குப் போனேன். "அன்னைக்கி ஏசினத மனசுல வைக்காதேயும்," என்றேன்.

"மொதல்ல முறுக்க மெல்லும். வலிச்சா இன்னும் ரெண்டு ஏசும்," என்று ஒரு முறுக்கை நீட்டினார்.

வலிக்கவில்லை. மேடையில் ஆயிரம் பேருக்கு நன்றி சொன்னவன், அவருக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன். அடிக்கட்டை இன்றும் அழுகவில்லை. பல்லுறையின் வயது முப்பத்தொன்று.