களைத்துப்போன வளைகத்தி

ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்த என் கணவருக்கு, மரத்தில் பிள்ளையார் செதுக்கும் ஆசை வந்தது. திருநின்றவூரிலிருந்து ஒரு பலாக்கட்டை வந்தது. செதுக்குவதற்கென்று நுனி வளைந்த கத்தியும் வந்தது. பிள்ளையார்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கிணற்றடியில் உட்கார்ந்துவிடுவார். வளைவு கெட்டுவிடக் கூடாதென்று கத்தியைக் கல்லின் மேல் உருட்டி உருட்டித் தீட்டுவார். பதம் பார்க்க இடது கை முடியை மழிப்பார். கை மொட்டையானதும் காலுக்கு இறங்கினார். கட்டை மட்டும் வந்தபடியே கிடந்தது. கல்லில் பள்ளமே விழுந்துவிட்டது.

என் அரிவாள்மணையோ வெண்டைக்காயை நசுக்கத்தான் செய்யும். அதையும் தீட்டித் தரக் கேட்டேன்.

"இது கலை சமாச்சாரம். உனக்கு இன்னாமே தெரியும்?" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. கத்திக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பலாக்கட்டை மேல் படுக்க வைத்தார்.

"இன்னிக்கு யாரும் இதைத் தொடாதீங்க. ஆயுதத்துக்கு இன்னிக்கு ஓய்வு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

"அது இன்னா வேலை செஞ்சி களைச்சிப் போச்சாம்? ஓய்வு குடுக்கறதுன்னா அந்தக் கல்லுக்குக் குடுய்யா. வருஷம் பூரா தேஞ்சது அதுதான்."