பச்சைச் சட்டையில் விழுந்த திட்டுகள்

என் கணவர் நெஞ்சுவலியில் மவுத்தாவதற்கு முதல் நாள் ஜும்மாவுக்குப் போட்ட பச்சைச் சட்டை, கழுவாமல் அறைக் கதவில் தொங்கியது. அத்தரும் வியர்வையும் கலந்த அவருடைய வாசம் அதில் இருந்தது. படுக்கும்போது நானும் மகளும் அதைத் தலையணையில் விரித்துக்கொள்வோம். அந்த வீட்டில் அவர் என்று எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த வாசம் ஒன்றுதான்.

கணவனை இழந்தவள் இத்தாக் காலம் முடியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும், வாசனை பூசக் கூடாது. நான் பூசவில்லை, முகர்ந்தேன், அவ்வளவுதான். ஆனால் துணைக்கு வந்திருந்த என் ராத்தாவுக்கு, தங்கச்சி பாவத்தில் விழுந்துவிடுவாளே என்ற பயம் பிடித்துக்கொண்டது. நான் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சட்டையைச் சவுக்காரத் தூளில் ஊறப்போட்டாள். அத்தர் இலேசில் போகுமா? மகளின் வெள்ளை மதரசா உடுப்புக்கு வைத்திருந்த பிளீச்சையும் எடுத்து ஊற்றிவிட்டாள்.

தலை துவட்டிக்கொண்டு வந்தபோது சட்டை வாளிக்குள் கிடந்தது. நெஞ்சிலும் தோளிலும் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள்.

"வாசம் போகத்தான் புள்ள போட்டன். நிறமும் போகுமெண்டு எனக்குத் தெரியாது" என்று ராத்தா அழுதாள்.

"என்னோட கதைக்காதீங்க ராத்தா!" என்று கத்தினேன்.

என்னைப் பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் ஒரே நாளில் சாயக்காரிகள் ஆகிவிட்டார்கள். ஒருத்தி கடும் தேயிலைச் சாயத்தில் ஊறப்போடச் சொன்னாள். இன்னொருத்தி, பச்சைப் பேனையால் தீட்டினால் தெரியாது என்றாள். திட்டுக்கு இத்தனை மருந்து தெரிந்தவர்களுக்கு, நான் நிறத்துக்காக அழவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை. எரிச்சலாக வந்தது. அதற்கு மேல் அழுகை வந்தது.

ராத்தா விடவில்லை. பஸாருக்குப் போய்க் கடும்பச்சைச் சாயம் வாங்கிவந்தாள். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் அதைக் கரைத்துச் சட்டையை முக்கி முக்கி எடுத்தாள். திட்டெல்லாம் மறைந்துவிட்டது. இரண்டு கையும் பச்சையாக, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடியில் காயப்போட்டாள். பாவமாக இருந்தது.

மதரசா விட்டு வந்த மகள் கொடியடியில் நின்றாள்.

"உம்மா, இது ஆருட சட்டை?"

"வாப்பாடதான் மகள். பெரியும்மா புதுசாக்கித் தந்திரிக்கா."

அவள் எட்டிச் சட்டையை இழுத்து, அதன் நெஞ்சில் மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"இல்ல உம்மா" என்றாள்.