மச்சாள் பார்க்கப் போன குகை

விளக்கை அணைத்துக் காட்டப் போகிறேன், பயப்படாதீர்கள் என்று குகையைக் காட்டுகிற அந்த மனிதன் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தான். மலைநாட்டில், சுண்ணாம்புக் கல் குகை ஒன்றுக்குள் நாங்கள் நின்றோம். வெளியே பட்டப்பகல். உள்ளே கம்பியில் தொடுத்த மின்குமிழ்கள் மஞ்சளாக எரிந்தன. அவன் சுவிச்சைத் தட்டியதும் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாத இருட்டு வந்தது. அடுத்த கணம் எங்கள் ஊர் அக்கராயனிலிருந்து வந்த பெண்கள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, ஷெல்லடிக்குப் பதுங்குகுழியில் குந்துவதுபோலக் குந்திவிட்டோம். கைகள் தாமாகவே காதைப் பொத்தின. வெளிச்சம் திரும்பியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாதர் சங்கத் தலைவிதான் முதலில் சிரித்தாள். "எழும்புங்கோ பிள்ளையள். ரிக்கற் எடுத்து இறங்கின பங்கர் இது ஒண்டுதான்" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டு திரும்பினால், மச்சாள் மட்டும் குந்தாமல் நிற்கிறாள். குகையின் அந்தத் தொங்கலில், கடைசி முனையில், இரும்புக் கம்பிக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்கு அங்கால் ஆட்களை விடுவதில்லை. அந்தக் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளவின் பின்பக்கம் நிற்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் அவள் கூப்பிட்டாள்.

"தம்பி. அம்மா வந்திருக்கிறன்."

மச்சாள் என் கணவரின் கடைசித் தங்கை. எங்கள் இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பங்கள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது அவள் இரட்டைப் பின்னலோடு வாய்க்காலில் மீன் பிடித்துத் திரிந்தவள். அவளுக்குக் கலியாணம் பேசியதும் நான், பிள்ளைப்பேறு பார்த்ததும் நான். ஒரே ஒரு ஆண்பிள்ளை. தகப்பன் பாம்பு கடித்துப் போனபின் அவனைத் தனியே வளர்த்தாள். என் வயலையும் அவன்தான் உழுது தந்தான். கடைசிச் சண்டை முடிந்து சனத்தோடு சனமாகக் கடல்நீரேரியைக் கடந்து வந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பெயர் பதியுங்கள், பதிந்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒளித்து வைத்தால்தான் பிழை வரும் என்று நம்பி அவளே மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவள் வெறுங்காலோடு நிற்பதைக் கண்டு அவன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். பஸ் போனது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் போகாத இடம் இல்லை. சிறைச்சாலைகள், முகாம்கள், விசாரணைக்குக் கூப்பிட்ட மண்டபங்கள், பிள்ளைகளைத் தேடும் தாய்மார் போராட்டம் இருந்த ஏ-ஒன்பது வீதியோரத்துக் கொட்டில். நான் படிப்பு இல்லாதவள். ஆனாலும் ஒருவரிடமும் தலை குனிந்து எதையும் கேட்டவள் அல்ல. அவளோடு துணைக்குப் போவேன், வாசலில் நிற்பேன், உள்ளே போகமாட்டேன். கதவுக்கு வெளியே நின்றே அவளுடைய கணக்கை நான் விளங்கிக்கொண்டேன். எங்கே ஒரு பூட்டுத் தொங்குகிறதோ அங்கே அவன் இருக்கலாம். திறந்து காட்டாத இடமெல்லாம் அவன் இருக்கிற இடம். இந்த நாட்டில் திறந்து காட்டாத இடங்களுக்கா குறைவு? அதனால் அவள் உயிரோடு இருந்தாள். ஓரிடத்தில் இல்லை என்றால் அடுத்த இடம் இருந்தது.

நெளுக்குளத்தில் சாத்திரம் சொல்லுகிற ஒருவர் இருந்தார். பிள்ளையைத் தொலைத்தவர்கள் வன்னி முழுவதிலும் இருந்து அவரிடம் போனார்கள். வெற்றிலையைப் பார்த்து அவர் மச்சாளுக்குச் சொன்னது இது: "பிள்ளை உயிரோடை இருக்கு. வெயில் படாத இடம். மலைப்பக்கம். தலைக்கு மேலை தண்ணி சொட்டுது." அந்த ஆவணியில் எங்கள் கோயில்காரர் கதிர்காமத்துக்குப் பஸ் விட்டார்கள். போகிற வழியில் மலைநாட்டையும் காட்டுவதாக ஒழுங்கு. பார்க்கப் போகிற இடங்களைக் கோயில் தலைவர் சொல்லிக்கொண்டு வந்தபோது, "சுண்ணாம்புக் கல் குகை ஒண்டு, மேலையிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணி விழுமாம்" என்றார். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"மச்சாள், அது வெள்ளைக்காரர் வந்து படம் எடுக்கிற இடம். சனம் போய் வாற இடத்திலை ஆரும் ஆளைப் பூட்டி வைப்பினமே?" என்று கேட்டேன்.

"சனம் போய் வாற இடத்திலை வைச்சால்தான் ஆரும் தேடாயினம் மச்சாள்" என்றாள்.

இரண்டு பேருக்கும் இடம் சொல்லி வைத்தேன்.

குகை வாசலில் மூன்று பாஷையில் ஒரு பலகை இருந்தது. நான் எழுத்துக் கூட்டி இரண்டு வரி வாசித்து முடிப்பதற்குள் சனம் உள்ளே இறங்கிவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவன் தேயிலைத் தோட்டத்துத் தமிழன், நாற்பதைத் தாண்டியவன், இடுப்பில் சாவிகள் தொங்கும் திறப்புக் கோர்வை, கையில் ரோச் லைற். "பாத்து வாங்கம்மா, வழுக்கும்" என்று சொல்லிச் சொல்லி நடந்தான். உள்ளே ஈரமும் வௌவால் வாடையும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற அதே கல்தான், ஆனால் தலைகீழாகத் தொங்கியது. கூரையிலிருந்து நீளநீளமாக இறங்கி, நுனியில் ஒரு துளி நின்று, யோசித்து, விழுந்தது. இது யானைத் தும்பிக்கை, இது படம் எடுத்த பாம்பு என்று அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். "உது தும்பிக்கை இல்லைத் தம்பி, பசுவின்ரை மடி. வடிவாய்ப் பாரும், பாலும் சொட்டுது" என்றாள் சங்கத் தலைவி. அவனும் சிரித்து, "இனிமே அப்படியே சொல்லிடுறேன்மா" என்றான். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மச்சாள் கீழே பார்த்தாள். சேற்றில் கால்தடம் தேடினாள்.

கம்பிக் கதவுக்கு முன்னால் அவள் கூப்பிட்டதும் சனத்தின் சிரிப்பு நின்றது. அந்தக் குகை சத்தத்தைத் திருப்பித் தருகிற குகை அல்ல. ஈரச் சுவர் அவள் குரலை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. அவள் மறுமொழிக்குக் காத்து நின்றாள். பிறகு கதவோடு முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்துவிட்டாள். கோயில் தலைவர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"எழும்பும் மச்சாள். சனம் பாக்குது."

"பாக்கட்டும். நானும் பாக்கத்தானே வந்தனான். இதைத் திறக்கச் சொல்லுங்கோ."

குகை காட்டுகிறவன் என்னைத் தனியே கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டான். ஒருவரிடமும் எதையும் கேட்டிராத நான் அன்று சொன்னேன். பஸ்ஸில் ஏறியதையும், சாத்திரத்தையும், இவள் இந்த இடத்தை விட்டு இனி எழும்பமாட்டாள் என்பதையும். "அங்கிட்டு ஒண்ணுமே இல்லீங்கம்மா. கல்லு சரியும்னுதான் பூட்டி வெச்சிருக்கோம். மேல தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையை அவிழ்த்தான்.

நாங்கள் மூன்று பேரும் குனிந்து போனோம். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற ஓரிடத்தில் அவன் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அவள் காட்டிய இடமெல்லாம் வெளிச்சம் அடித்தான். "அந்தப் பொந்து?" என்றாள். அடித்துக் காட்டினான். "மேலை?" வௌவால்கள் அசைந்தன. "அதுக்குப் பின்னாலை?" என்று ஒரு கல்லைக் காட்டினாள், அவன் அந்த வயதில் வயிற்றில் ஊர்ந்து போய்ப் பின்னாலும் அடித்துக் காட்டிவிட்டு வந்தான். அவன் சட்டை முழுக்கச் சேறு. ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. கடைசியில் சுவர் வந்தது. வெள்ளையாக, ஈரமாக, மெழுகு உருகி வழிந்ததுபோல ஒரு சுவர். அவள் உள்ளங்கையை அதில் வைத்தாள். பிறகு காதை வைத்தாள்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதாங்கம்மா."

அவள் தலையாட்டினாள். கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் தலையாட்டுவோமே, அப்படி.

கதிர்காமத்தில் அவள் தேங்காய் உடைக்கவில்லை. ஆற்றில் இறங்கவும் இல்லை. ஊருக்கு வந்த பிறகு வீதியோரக் கொட்டிலுக்கு வரும்படி மற்றத் தாய்மார் கேட்டு வந்தார்கள். "நீங்கள் போங்கோ" என்றாள். புதிதாக ஏதாவது முகாமைப் பற்றிக் கதை வந்தால், முன்பு அடுப்பை அணைத்துவிட்டு எழும்பி ஓடுகிறவள், இப்போது கதிரையில் இருந்தபடி கேட்டாள். கேட்டு முடிந்ததும் முருங்கை இலையை ஆயத் தொடங்கினாள். அவன் படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை. அவன் செத்துவிட்டான் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. இருக்கிறான் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். அந்தக் காலபோக வெள்ளாண்மை வெட்டினோம், அடுத்த சிறுபோகமும் விதைத்தோம். கதிர் வருவதற்கு முன்னே அவள் போய்விட்டாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நோய் வருத்தம் என்று ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த மனிதனைக் கோபிக்க நான் எத்தனையோ நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை. அத்தனை வருடத்தில் அவள் கேட்டதற்காக ஒரு பூட்டைத் திறந்து காட்டியவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் நாளைக்கு வா என்றார்கள், எங்களிடம் இல்லை என்றார்கள், கதவைச் சாத்தினார்கள். அந்தச் சாத்திய கதவுகள்தான் அவளை உயிரோடு வைத்திருந்தன. கருணையுள்ள ஒருவன் கதவைத் திறந்தான். உள்ளே சுவர் இருந்தது. திறப்பு இல்லை என்று அவனும் ஒரு பொய் சொல்லியிருந்தால், அவள் இன்றைக்கும் அவனைத் திட்டிக்கொண்டு என் குசினி அடுப்படியில் இருந்திருப்பாள். இதற்கு என்ன நியாயம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இல்லை.

இந்த வருடமும் கோயிலால் பஸ் விடுகிறார்கள். போன கிழமை மாங்குளத்திலிருந்து ஒருத்தி என்னைத் தேடிவந்தாள். எனக்கு முன்பின் தெரியாதவள். மகளை இழந்தவள், இழந்தவள் என்று சொன்னால் அவள் என்னோடு சண்டைக்கு வருவாள், ஆகையால் மகளைத் தேடுகிறவள். கைப்பையில் படம் வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஒரு பிள்ளை.

"அக்கா, நீங்கள் அந்தக் குகைக்கு உள்ளுக்குப் போனனீங்களாம். கம்பிக்கு அங்காலை முழுக்கப் பாத்தனீங்களோ?"

நான் பொய் பேசாதவள் என்பது ஊரறிந்த விஷயம். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "பூட்டிக் கிடந்தது. ஆரும் திறக்கேல்லை."

அவள் முகம் மலர்ந்தது. அப்படி மலரும் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, அவள் கேட்டாள்.

"பஸ்ஸிலை இன்னும் இடம் கிடக்குமோ அக்கா?"